ஏழாம் விதியும் எழுதப்படாத விதியும்: அழகிப் போட்டிகளின் தொடக்க வரலாறு

2024 ஆகஸ்ட் மாதம் பிரயாக்ராஜில் பேசிய ராகுல் காந்தி, மிஸ் இந்தியா பட்டம் பெற்றவர்களின் பட்டியலைப் பார்த்ததாகவும் அதில் தலித், பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பெண் ஒருவர்கூட இல்லை என்றும் சொன்னார். அழகிப் போட்டியிலும் இடஒதுக்கீடு கேட்கிறாரா என்று ஒன்றிய அமைச்சர் கிரண் ரிஜிஜூ கேலி செய்தார். 2022இல் ஜார்க்கண்ட் மாநிலத்தின் சார்பில் ஒரு பழங்குடிப் பெண் மேடையேறியதைச் சிலர் எடுத்துக்காட்டினர். மேடையேறுவதும் பட்டம் பெறுவதும் ஒன்றல்ல என்பதைக்கூட அந்த விவாதம் பொருட்படுத்தவில்லை. சில நாட்களில் எல்லோரும் அடுத்த செய்திக்கு நகர்ந்துவிட்டார்கள்.

நாங்கள் வழக்கறிஞர்கள். ஒரு நிறுவனத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் அது யாருக்குப் பரிசு கொடுக்கிறது என்பதைவிட யாரை உள்ளே விடுகிறது என்ற விதியைத்தான் முதலில் படிப்போம். அழகிப் போட்டிகளின் வரலாற்றையும் அப்படிப் படிக்கலாம். இந்த வாசலில் இனமும் நிறமும் குலமும் எப்போது காவலுக்கு நின்றன, எங்கே அந்தக் காவல் எழுத்தில் இருந்தது, எங்கே எழுதப்படாமலே நடந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நவீன அழகிப் போட்டியின் முன்னோடியாக அமெரிக்கக் காட்சிக்கூட வணிகர் பி. டி. பார்னத்தைச் சொல்வது வழக்கம். நாய், பறவை, பூ, குழந்தை என்று வரிசையாகப் போட்டி நடத்தியவர் 1854இல் பெண்களுக்கும் அறிவித்தார். மதிப்புள்ள குடும்பத்துப் பெண்கள் கூட்டத்தின் முன் நிற்பதா என்று எதிர்ப்பு கிளம்பவே, நேரில் வர வேண்டாம், நிழற்படம் அனுப்பினால் போதும் என்று திட்டத்தை மாற்றினார். இதே பார்னம் 1835இல் தம் தொழிலைத் தொடங்கியது எதைக் காட்டி என்பதைப் பல வரலாறுகள் தனி அத்தியாயத்தில் ஒதுக்கிவிடுகின்றன. ஜாய்ஸ் ஹெத் என்ற, அடிமையாக வைக்கப்பட்டிருந்த முதிய கறுப்பினப் பெண்ணைக் கொண்டுவந்து, இவருக்கு 161 வயது, ஜார்ஜ் வாஷிங்டனை வளர்த்த தாதி என்று பொய் சொல்லிக் கட்டணம் வாங்கினார். அவர் இறந்த பிறகு உடற்கூறாய்வையும் கட்டணக் காட்சியாக்கினார். அதற்கும் முன்பு, 1810இல், தென்னாப்பிரிக்காவின் கோய்கோய் இனத்தைச் சேர்ந்த சாரா பார்ட்மன் லண்டனில் காட்சிப்பொருளாக நிறுத்தப்பட்டார். 1815இல் பாரிஸில் இறந்த அவருடைய உடற்பகுதிகள் தாயகம் திரும்ப 2002 வரை ஆயின. வெள்ளையினப் பெண்ணுக்கு நிழற்படம் போதும். அவளுடைய மானம் காக்கப்பட வேண்டும். கறுப்பினப் பெண்ணுக்கோ இறந்த பிறகும் விடுதலை இல்லை. காட்சிக்கூடம் ஒன்றுதான், வாசல்கள் இரண்டு.

1888 செப்டம்பர் 19 அன்று பெல்ஜியத்தின் ஸ்பா நகரில் நடந்ததே முதல் சர்வதேச அழகிப் போட்டி என்று பரவலாகக் கருதப்படுகிறது. நிழற்படங்களைக் கொண்டு முதற்கட்டத் தேர்வு. வென்றவர் பிரெஞ்சுக் குடியேற்ற நாடான குவாதலூப்பிலிருந்து வந்த 18 வயதுப் பெண். பரிசு 5,000 பிராங்க். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில், நாற்பது நாட்டு அழகிகள் என்ற விளம்பரத்தோடு ஓர் அரங்கமே அமைத்தார்கள். அதே வீதியில் ஆப்பிரிக்காவின் தஹோமி மக்களைக் குடிசைகளோடு கொண்டுவந்து 'கிராமம்' என்று காட்டினார்கள்.

சிகாகோ 1893 என்றதும் நம் பாடநூல்களுக்கு விவேகானந்தர் மட்டுமே நினைவுக்கு வருவார். அந்தக் கண்காட்சிக்கு ராஜா ரவிவர்மா பத்து ஓவியங்களை அனுப்பினார், பரிசும் பெற்றார் என்பது நம் பொருளுக்கு அதைவிட முக்கியம். இந்தியாவின் பல சமூகங்களைச் சேர்ந்த பெண்களைக் காட்டும் வரிசை அது. 'மலபார் அழகி' அதில் இருக்கிறாள். தென்னிந்திய நாடோடிக் குடும்பம் ஒன்றும் இருக்கிறது. அழகு என்ற சொல் எந்தப் படத்தின் தலைப்பில் ஏறியது, வறுமை எந்தப் படத்தின் உடையில் ஏறியது என்பதைக் கவனித்தால் போதும். நாற்பது நாட்டு அழகிகளின் அரங்கத்துக்கும் இந்த ஓவிய வரிசைக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் பெண்களை இனவாரியாக, குலவாரியாக அடுக்கிப் பார்க்கும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானது. மறு ஆண்டு ரவிவர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். அவருடைய சரசுவதியும் இலட்சுமியும் சீமந்தினிகளும் மலிவு விலை வண்ணப் படங்களாக நாடெங்கும் வீட்டுச் சுவரேறினர்.

அதே ஆண்டுகளில் சென்னையில் வேறொரு அளவெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்தியச் சாதிகளின் தலை அகலத்தையும் மூக்கின் நீள அகலத்தையும் கருவி வைத்து அளந்தார். ஏழு தொகுதிகளாக 1909இல் வெளிவந்த அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' நூலில் அந்த எண்கள் நிரம்பிக் கிடக்கின்றன. வங்காளத்தில் ஹெர்பர்ட் ரிஸ்லி ஒரு படி மேலே போய், மூக்கு அகலமாக ஆகச் சமூகத் தகுதி குறைகிறது என்று கோட்பாடே கட்டினார். எடுப்பான மூக்கு, மட்டமான மூக்கு என்று நம் வீட்டுப் பெண்பார்க்கும் படலத்தில் இன்றும் புழங்கும் பேச்சுக்கு அரசாங்கம் அறிவியல் முத்திரை குத்திய காலம் அது. இந்தக் கோட்பாட்டின் அடித்தளத்தைத் தகர்த்தவர் அண்ணல் அம்பேத்கர். 1948இல் வெளியான 'தீண்டத்தகாதவர்கள்' நூலில், மூக்களவுப் புள்ளிவிவரங்களையே கையிலெடுத்து, பார்ப்பனரும் தீண்டத்தகாதவராக ஆக்கப்பட்டவரும் வேறு வேறு இனம் என்பதற்கு அவற்றில் ஆதாரமில்லை என்று நிறுவினார். எதிராளியின் அளவுகோலையே வைத்து எதிராளியை வீழ்த்திய அந்த வாதமுறையை ஒவ்வொரு சட்ட மாணவரும் படிக்க வேண்டும்.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். அங்கேதான் வாசல் விதி எழுத்தில் வந்தது. 1921 செப்டம்பரில் அட்லாண்டிக் சிட்டி என்ற கடற்கரை நகரத்து வணிகர்கள், கோடைக்காலம் முடிந்த பிறகும் சுற்றுலாப் பயணிகள் கலையாதிருக்க ஒரு வழி தேடினார்கள். கிடைத்தது அழகிப் போட்டி. வாஷிங்டனைச் சேர்ந்த 16 வயது மார்கரெட் கோர்மன் வென்றார். அவருடைய உடலளவுகள் 30-25-32 என்று பதிவாயின. மிஸ் அமெரிக்கா என்று பின்னர் உலகப் புகழ் பெற்ற அந்தப் போட்டியின் விதிமுறையில் 1930களில் ஏழாம் விதி வந்து சேர்ந்தது: போட்டியாளர் நல்ல உடல்நலம் உடையவராகவும் வெள்ளை இனத்தவராகவும் இருக்க வேண்டும். அது போதாதென்று, பங்கேற்பவர் தம் மூதாதையரை எவ்வளவு தொலைவுக்குப் பின்னோக்கிச் சொல்ல முடியும் என்று படிவத்தில் நிரப்பவும் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் முதலில் குடியேறிய ஆங்கிலேயரின் கப்பல்வரை வம்சத்தைக் கொண்டுபோனவர்களுக்குப் பெருமை. கோத்திரம் கேட்கும் கல்யாணத் தரகரை அறிந்த நமக்கு இந்தப் படிவம் புதிதாகத் தோன்றாது.

1945இல் வென்ற பெஸ் மையர்சன் யூதர். பெயரை மாற்றிக்கொள்ளும்படி போட்டி நிர்வாகி அவரிடம் சொன்னார், அவர் மறுத்தார். பட்டம் கிடைத்த பிறகும், வழக்கமாக வெற்றியாளரைத் தேடி வரும் விளம்பரதாரர்களில் பலர் அவரைத் தேடி வரவில்லை. பேரூரில் வீடு வாடகைக்குத் தேடும்போதும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும் பெயரையோ ஊரையோ மறைக்கச் சொல்லி அறிவுரை கேட்ட தலித் மாணவர்களுக்கு மையர்சனின் நிலை விளங்கும்.

ஏழாம் விதி 1950இல் நீக்கப்பட்டது. ஆனால் ஒரு கறுப்பினப் பெண் மாநிலப் பட்டம் வென்று அந்தத் தேசிய மேடையில் நிற்க 1970 ஆயிற்று. மகுடம் சூட 1983 ஆயிற்று. விதி போன பிறகும் வழக்கம் முப்பத்து மூன்று ஆண்டுகள் வாழ்ந்தது. இடையில், 1968 செப்டம்பர் 7 அன்று, அட்லாண்டிக் சிட்டியில் ஒரே நாளில் இரண்டு எதிர்ப்புகள் நடந்தன. கடற்கரை நடைபாதையில் பெண்விடுதலை இயக்கத்தினர், பெண்ணைச் சந்தைப் பொருளாக்காதே என்று போட்டியையே எதிர்த்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு விடுதியில் முதலாவது மிஸ் பிளாக் அமெரிக்கா போட்டி நடந்தது. சுருட்டை முடியை நீட்டாமல் இயல்பாக விட்டிருந்த சாண்ட்ரா வில்லியம்ஸ் வென்றார். முதல் கூட்டம் மேடையே வேண்டாம் என்றது. இரண்டாவது கூட்டம் எங்களை ஏற்றாத மேடைக்குப் பதில் எங்கள் மேடை என்றது. இவற்றில் எது சரி என்று பயிலரங்குகளில் எங்களிடம் கேட்கிறார்கள். முதல் கூட்டத்தின் வாதம் எங்களுக்கு நெருக்கமானது. ஆயினும், உன் முகம் அழகில்லை என்று சொல்லியே வளர்க்கப்பட்ட பெண்ணிடம் போய் அழகு என்பதே மாயை என்று போதிப்பது, பசித்தவரிடம் உண்ணாநோன்பின் பெருமையைப் பேசுவது போன்றது.

தேசங்களுக்கு இடையிலான போட்டிக்குத் திரும்புவோம். 1926 முதல் டெக்சாஸ் மாநிலத்தின் கால்வெஸ்டன் நகரம் வெளிநாட்டுப் பெண்களையும் அழைத்துப் பெரிய போட்டி நடத்தியது. பிரபஞ்ச அழகி என்ற பட்டம் அங்கேதான் புழக்கத்துக்கு வந்தது. 1929இல் அதை வென்ற லிசல் கோல்டர்பைட்டர் வியன்னாவைச் சேர்ந்த யூதப் பெண். ஒன்பது ஆண்டுகளில் ஹிட்லரின் படை வியன்னாவுக்குள் நுழைந்தது. பிரபஞ்சமே அழகி என்று ஒப்பிய முகம், இனச் சட்டத்தின் முன்னால் வெறும் யூத முகம்.

கால்வெஸ்டனில் அந்தப் போட்டி கடைசியாக நடந்த 1931ஆம் ஆண்டு ஆகஸ்டில், நம் விருதுநகரில் சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு கூடியது. பெண்களின் உரிமை அங்கே தனிப்பொருளாகப் பேசப்பட்டது. பெண்ணை நகை மாட்டும் பொம்மையாக வைத்திருப்பதைப் பெரியார் அந்த ஆண்டுகளில் தொடர்ந்து சாடிவந்தார். அழகிப் போட்டிக்கு எதிரான பெண்ணியக் குரல் மேற்கிலிருந்து இறக்குமதியானது என்று எழுதுவோர் இந்த ஊரின் பெயரையும் குறித்துக்கொள்ளலாம்.

உலக அழகிப் போட்டி 1951இல் லண்டனில், பிரிட்டன் திருவிழாவையொட்டி, எரிக் மோர்லி என்ற கேளிக்கை நிறுவன அலுவலரின் யோசனையில் பிறந்தது. முதல் பட்டம் ஸ்வீடனுக்கு. (சிவகாசித் தீப்பெட்டிக்கும் முதல் பெரும் போட்டியாளர் ஸ்வீடன்தான்; 1923இல் இந்தியாவில் விம்கோ நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் அவர்களே.) 1952இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய பிரபஞ்ச அழகிப் போட்டிக்குப் பின்னால் இருந்தது காட்டலீனா என்ற நீச்சலுடை வணிகப்பெயர். அதற்கு முந்தைய மிஸ் அமெரிக்கா நீச்சலுடையில் வலம்வர மறுத்ததால் அந்நிறுவனம் கோபித்துக்கொண்டு சொந்தப் போட்டி தொடங்கியது. உலகப் பெண்மையின் விழா என்று நாம் தொலைக்காட்சியில் பார்ப்பவை ஒன்று கேளிக்கை அரங்க வணிகத்திலும் மற்றொன்று துணி விற்பனையிலும் பிறந்தவை.

1952இன் அந்த மேடையில் இந்தியா சார்பில் நின்றவர் இந்திராணி ரகுமான். 1930இல் சென்னையில் பிறந்த பரதநாட்டியக் கலைஞர். தாய் ராகினி தேவி அமெரிக்காவில் பிறந்தவர். நீச்சலுடையோடு நெற்றியில் பொட்டும் தலையில் பூவுமாக அவர் நின்ற படம் பிரபலம். அவர் ஆடிய கலை ஒரு தலைமுறைக்கு முன்புவரை தேவதாசி மரபுப் பெண்களிடம் சதிராக இருந்தது. அந்தப் பெண்கள் ஆடியபோது இழிவு. ஆதிக்கச் சாதி மேடைக்கு வந்ததும் தேசப் பண்பாடு. இந்தியாவை உலக மேடையில் அழகாகக் காட்டிய முதல் படத்துக்குப் பின்னால் இந்தக் கைமாற்றமும் இருக்கிறது.

அதற்கும் முன்பு 1947இல் மிஸ் இந்தியாவாகத் தேர்வானவர் பிரமிளா என்ற பெயரில் நடித்த எஸ்தர் விக்டோரியா ஆபிரகாம், கல்கத்தாவின் யூத சமூகத்தவர். 1966இல் உலக அழகிப் பட்டத்தை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்த ரீட்டா ஃபரியா, கோவா வழிக் கிறித்தவர். தொடக்கத்தில் சாதி இந்துக் குடும்பங்கள் இந்த மேடையை ஒழுக்கக்கேடாகப் பார்த்தன. ஆகவே அந்த இடத்தில் யூதரும் கிறித்தவரும் நின்றார்கள். பணமும் உலகப் புகழும் சேர்ந்த பிறகே மேடை 'நல்ல குடும்பத்து' மேடையானது. திரைப்படத்திலும் இதே கதைதான்.

சிறுபான்மையினர் நிற்க முடிந்த அந்த இடத்தில் தலித் பெண் ஏன் நிற்க முடியவில்லை? பி. கே. ரோசியின் வாழ்க்கை பதில் சொல்கிறது. 1920களின் இறுதியில் ஜே. சி. டேனியல் எடுத்த 'விகதகுமாரன்', முதல் மலையாளப் படம். அதன் நாயகி ரோசி, புலையர் சமூகத்தவர். ஏற்றது நாயர் பெண் வேடம். திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது ஆதிக்கச் சாதியினர் கலகம் செய்தனர். ரோசி உயிர்தப்பித் தமிழகத்துக்கு ஓடிவந்தார். பிறகு திரையில் தோன்றவேயில்லை. தலித் பெண் நாயர் பெண்ணாக அழகாகத் தோன்றினாள், அதுதான் குற்றம். எந்த விதிப்புத்தகத்திலும் இந்தக் குற்றம் எழுதப்படவில்லை. ஏழாம் விதியை நீக்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது, அது எழுத்தில் இருந்ததால். ரோசியின் மீது பாய்ந்த விதியை எந்த நீதிமன்றத்தில் செல்லாது என்று அறிவிக்கக் கேட்பது?

எழுதப்படாத விதி எவ்வளவு நெகிழ்வானது என்பதை 1970இன் உலக அழகிப் போட்டியும் காட்டியது. நிறவெறி அரசுக்கு எதிரான கண்டனத்தைச் சமாளிக்க அமைப்பாளர்கள் தென்னாப்பிரிக்காவிலிருந்து இருவரை அழைத்தார்கள். வெள்ளையினப் பெண்ணின் தோள்பட்டையில் 'சவுத் ஆப்பிரிக்கா'. பேர்ல் ஜான்சன் என்ற மற்றவரின் தோள்பட்டையில் 'ஆப்பிரிக்கா சவுத்'. நாடு ஒன்று, சொற்கள் இடம் மாறியிருந்தன. அவ்வாண்டு கிரெனடாவின் ஜெனிஃபர் ஹோஸ்டன் பட்டம் வென்ற முதல் கறுப்பினப் பெண்ணானார். பேர்ல் ஜான்சன் இரண்டாம் இடம் பெற்றார். ஊருக்கும் சேரிக்கும் ஒரே பஞ்சாயத்துப் பெயர் இருந்தும் முகவரி வேறாக எழுதப்படுவதை அறிந்தவர்கள் நாம்.

1994க்குப் பிந்தைய கதை எல்லோரும் அறிந்தது, சுருக்கமாகவே சொல்கிறோம். 1996 நவம்பரில் உலக அழகிப் போட்டி பெங்களூருக்கு வந்தபோது இடதுசாரிப் பெண்கள் அமைப்புகள், விவசாயிகள் சங்கம், இந்துத்துவ அமைப்புகள் எனப் பலரும் எதிர்த்தனர். நீச்சலுடைச் சுற்று செஷல்ஸ் தீவுக்குப் போனது. மதுரையில் ஓர் இளைஞர் தீக்குளித்து இறந்தார். எதிர்ப்பில் ஒலித்த குரல்களில் உரத்தது 'நம் பெண்களின் மானம்', 'நம் பண்பாடு' என்பதே. யாருடைய பெண்கள், யாருடைய பண்பாடு என்று கேட்ட குரல் மெலிந்தே இருந்தது. 2015இல் அண்ணா பல்கலைக்கழகக் கலைவிழா ஒன்றின் அழகிப் போட்டி தொடர்பான வழக்கில், கல்லூரிகள் இத்தகைய போட்டிகளை அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. கல்வி நிலையத்துக்கு இது தேவையா என்ற கேள்வியை அவ்வுத்தரவு எழுப்பியது, சரிதான். போட்டி என்ற பெயர் இல்லாமலே, வரவேற்பு விழாவில் குத்துவிளக்கருகே யாரை நிறுத்துவது, கல்லூரி விளம்பரப் படத்தில் யாரை உட்காரவைப்பது என்று நடக்கும் தேர்வுகளுக்கு அந்த உத்தரவு எட்டாது. நிறத்தைச் சொல்லிக் கேலி செய்தால் என்ன சட்டம் என்று விருதுநகர்ப் பக்கத்து மாணவிகள் கேட்பார்கள். சாதியைக் குறித்து, பொதுப் பார்வைபடும் இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு பேசினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். 'கறுப்பி' என்று மட்டும் சொன்னால் நோக்கத்தை நிரூபிக்க வேண்டிய சுமை நம் தலையில் விழும். சொல்கிறவனுக்கும் அது தெரியும்.

அந்தத் தேர்வுக்குரிய முகத்தை நம் மனதில் அச்சிட்டது எது என்று தேடினால் வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆடிப்பெருக்கு நாளில் சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். நாடகத் திரைச்சீலை ஓவியராக இருந்து கோவில்பட்டியில் தங்கிவிட்ட கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் ரவிவர்மா மரபைத் தமிழ்க் கண்ணுக்கு ஏற்ப மாற்றி வரைந்த தேவியர், சிவகாசி அச்சகங்கள் வழியே நாடெங்கும் போனார்கள். ரோஜா நிறக் கன்னம், கூர்மூக்கு, நீள்விழி. தீப்பெட்டி லேபிளிலும் பட்டாசுப் பெட்டியிலும் அதே சாயல் முகங்கள்: தெய்வம், நடிகை, கொழுகொழுவென்ற வெள்ளைக் குழந்தை. 1893இல் சிகாகோவுக்குப் போன அழகு அடுத்த நூற்றாண்டில் வெம்பக்கோட்டைச் சாலைக்கு இப்படித்தான் வந்து சேர்ந்தது. அந்த லேபிளை ஒட்டிய கைகளில் கணிசமானவை தலித் பெண்களின் கைகள். ஒட்டிய படத்தில் அவர்களைப் போன்ற முகம் ஒன்றைத் தேடிப் பார்க்கலாம்.

பட்டாசு ஆலையில் அலுமினியப் பொடி படிந்த முகத்தோடு பெண்கள் வீடு திரும்புவது சாத்தூரிலும் சிவகாசியிலும் தினக்காட்சி. விபத்து நடந்தால் பத்திரிகையில் இறந்தோர் எண்ணிக்கை வரும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் இறந்ததை நாடே அறியும். முகம் வெந்து பிழைத்த பெண்ணின் கதை அடுத்த நாள் செய்தியிலிருந்து மறைந்துவிடும். அவருக்காக வாதாடும்போது 2025 வரை எங்களுக்குக் கிடைத்த பிடி, அட்லாண்டிக் சிட்டிப் போட்டி தொடங்கி இரண்டே ஆண்டுகளில், 1923இல் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை. இரு கைகளை இழத்தல், பார்வை இழத்தல் ஆகியவற்றோடு அதே வரிசையில் 'மிகக் கடுமையான முகச் சிதைவு' என்ற பதிவு இருந்தது. சம்பாதிக்கும் திறனில் 100 விழுக்காடு இழப்பு என்றது. இ.எஸ்.ஐ. சட்டத்தின் இரண்டாம் அட்டவணையிலும் அதே சொற்கள் இருந்தன. முகம் போனால் வேலை போகும் என்பதைச் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது.

சிக்கல் 'மிகக் கடுமையான' என்ற சொல்லில் இருக்கிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர், கை கால் நன்றாக இருக்கிறதே, திரி சுற்ற முகம் எதற்கு என்று கேட்பார். மருத்துவச் சான்றில் வெறும் தழும்பு என்று எழுதியிருந்தால் விழுக்காடு சரியும். ஆகவே காயமடைந்த பெண்ணின் குடும்பத்துக்கு நாங்கள் சொல்வது இது: கட்டுப் பிரித்த நாளிலிருந்து முகத்தை எல்லாப் பக்கமும் தேதியோடு படம் எடுத்து வையுங்கள், சான்றில் முகச் சிதைவு என்ற சொல்லும் அதன் அளவும் இடம்பெறும்படி மருத்துவரிடம் எழுத்து மூலம் கேளுங்கள், விபத்துக்கு முன்பு எடுத்த படம் ஒன்றையும் தேடி எடுங்கள். பல வீடுகளில் அப்படி ஒரு படம், ஆலை அடையாள அட்டையில் ஒட்டியதைத் தவிர, இருப்பதில்லை.